கும்பல் திரளும்போது பொலிஸாரின் கடமை என்ன? மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கான கேள்வி பதில்

ஊரில் ஏதாவது பதற்றம் என்றால் பள்ளிவாசல் முன்றலிலும் கோயில் வீதியிலும் தேவாலய மண்டபத்திலும் ஒரே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. பொலிஸுக்குச் சொன்னால் வருவார்களா? வந்தால் என்ன செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது? வராவிட்டால் நாங்கள் எங்கே போவது? அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்ட ஆலோசனை தேவைப்படுகிறவர்கள் சட்டத்தரணி ஒருவரையும் பாருங்கள். இதை வாசித்துவிட்டுப் போனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது தெளிவாக இருக்கும்.

அம்பாறையில் 2018இல் நடந்தது என்ன?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்த சிலர் கறிக்குள் வெள்ளையாக ஏதோ கட்டி கிடப்பதாகவும், அது சிங்களவரை மலடாக்கப் போடும் மாத்திரை என்றும் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். காசாளராக நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. நாலு பேர் சுற்றி நின்று மிரட்டிக் கேட்கக் கேட்க, அவர் தலையாட்டினார். அதை ஒருவர் கைபேசியில் பிடித்தார். பயந்துபோன ஒரு மனிதன் விளங்காத கேள்விக்குத் தலையாட்டியது, முகநூலில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ ஆகிவிட்டது. அன்றிரவே கடை உடைக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. வேறு கடைகளும் வாகனங்களும் சேதமாயின.

பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அந்த உணவைச் சோதித்தது. மலட்டு மருந்து எதுவும் இல்லை, வெறும் மாக்கட்டி என்றது அறிக்கை. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஆனால் அறிக்கை வருவதற்குள் கண்டி மாவட்டம் எரிந்து முடிந்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன.

அம்பாறை என்பது பொலிஸ் நிலையம் உள்ள மாவட்டத் தலைநகரம். எங்கோ காட்டுக்குள் இருக்கும் கிராமம் அல்ல. ஆகவே பொலிஸார் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று அங்குள்ள முஸ்லிம்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

வதந்திக்கும் பொலிஸுக்கும் என்ன சம்பந்தம்? கல் எறிந்த பிறகுதானே அவர்கள் வேலை தொடங்குகிறது?

இல்லை. என் பார்வையில் பொலிஸ் வேலையின் பெரும்பகுதி முதல் கல்லுக்கு முன்பே இருக்கிறது. இந்த மண்ணின் கதையைப் பார்த்தாலே அது விளங்கும்.

1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் பெரிய இனக்கலவரம் அது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. மட்டக்களப்பில் தமிழர்கள் ஒரு சிங்களப் பெண்ணை மானபங்கப்படுத்தி வீதியில் நடக்கவிட்டார்கள் என்ற கதை அப்போது பரவியது. பொய். இரண்டு வருடம் கழித்து, 1958இல், பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் சிதைத்துக் கொல்லப்பட்டார் என்று தெற்கில் ஒரு கதை. அதைக் கேட்டுக் கொதித்தெழுந்தவர்கள் அங்குள்ள தமிழர்களைத் தாக்கினார்கள். பின்னர் கல்வித் திணைக்களத்தில் விசாரித்தபோது, பாணந்துறையிலிருந்து வந்த ஆசிரியை எவருமே மட்டக்களப்பில் பணியில் இருக்கவில்லை என்று தெரிந்தது.

மூன்று கதைகளும் எங்கள் மாவட்டங்களை வைத்துக் கட்டப்பட்டவை. மூன்றையும் விசாரித்து அறிய முடிந்திருக்கும். 1958இல் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். 2018இல் கடைக்குள் ஒரு உப பொலிஸ் பரிசோதகர் போய், கறிச்சட்டியைச் சாட்சியாகக் கையேற்று, காசாளரைத் தமிழ் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்து, “பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று, முடிவு வரும்வரை எவரும் கூட வேண்டாம்” என்று வெளியில் நின்றவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரிப் போயிருக்க வாய்ப்பு இருந்தது. பழுதான உணவு பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியைக் கூட்டத்தின் கையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்திருப்பதுதான் முதல் மணித்தியாலத்தில் பொலிஸ் செய்ய வேண்டிய வேலை.

அப்படிச் செய்யும்படி சட்டம் எங்கே சொல்கிறது?

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில். 56ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் எப்போதும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. குற்றங்களைத் தடுக்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதும் அமைதியைப் பேணுவதும் அவர் கடமை என்றும் சொல்கிறது. தடுப்பது என்றால் நடக்குமுன் என்றுதான் பொருள்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லோருக்கும் தருகிறது. 10ஆம் உறுப்புரை மத நம்பிக்கைச் சுதந்திரத்தையும், 14(1)(உ) வழிபாட்டுச் சுதந்திரத்தையும் தருகின்றன. பாதுகாப்புக் கேட்டுப் பொலிஸ் நிலையம் போகும்போது யாரிடமும் தயவு கேட்டுப் போகவில்லை என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு போங்கள். ஐயா, தொரை என்று கெஞ்சத் தேவையில்லை. மரியாதையாகவும் தெளிவாகவும் கேட்டாலே போதும்.

கூட்டம் திரண்டுவிட்டது. இப்போது அவர்களுக்கு என்ன அதிகாரம் உண்டு?

நிறைய உண்டு. “எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது, மேலிடத்து உத்தரவு இல்லை” என்ற பதில் சட்டப்படி நிற்காது.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வன்முறை போன்ற பொது நோக்கத்தோடு கூடினால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவின்படி சட்டவிரோதக் கூட்டம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 95ஆம் பிரிவின்படி நீதவானோ, பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியோ அந்தக் கூட்டத்தைக் கலைந்து போகும்படி கட்டளையிடலாம். சட்டவிரோதக் கூட்டமாக இன்னும் ஆகாவிட்டாலும், அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து பேர் கூடி நின்றாலே அந்தக் கட்டளை செல்லும். கலையாவிட்டால் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம், கைது செய்யலாம். ஒரு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி பொதுவாகப் பரிசோதகர் தரத்திலோ அதற்கு மேலோதான் இருப்பார். ஆகவே கொழும்பிலிருந்து ஃபோன் வரும்வரை அவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் முக்கியம். தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவின்படி, கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்ற அதில் ஒருவர் செய்த குற்றத்துக்கு, அந்த நேரம் அந்தக் கூட்டத்தில் உறுப்பினராக இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு. “நான் கல்லெறியவில்லை, பின்னால் நின்று கத்தினேன் அவ்வளவுதான்” என்பது தப்பிக்கும் வழி ஆகாது. எங்கள் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கூட்டமாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவதற்கும் வழிபாட்டைக் குழப்புவதற்கும் தண்டனைச் சட்டக்கோவையில் 290ஆம் பிரிவு முதல் தனிக் குற்றங்கள் இருக்கின்றன. பள்ளிவாசல் ஜன்னலோ, கோயில் சிலையோ, தேவாலயக் கண்ணாடியோ உடைந்தால் முறைப்பாட்டில் ‘சொத்துச் சேதம்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். வழிபாட்டிடம் என்பதைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

துப்பாக்கிச் சூடு நடத்தலாமா?

உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாத கட்டத்தில் மட்டும். 1990இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் அதைத்தான் சொல்கின்றன. முதலில் எச்சரிக்கை, பிறகு தடியடி, கண்ணீர்ப்புகை, கைது. இதற்கெல்லாம் போதிய ஆட்களும் கருவிகளும் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். நேரத்துக்கு வந்து வீதியை மறித்து நிற்கும் இருபது பேர், நேரம் பிந்தி வந்து சுடும் இருநூறு பேரைவிட மேல்.

ஊரடங்குச் சட்டம் போட்டால் பாதுகாப்புத்தானே?

போட்டால் மட்டும் போதாது. 2019 மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று வாரம் கடந்த நேரம் அது. ஊரடங்கு அறிவிக்கப்பட்ட இடங்களிலும் கும்பல்கள் மோட்டார் சைக்கிளில் திரிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, தாக்கியவர்கள் வீதியில் நின்றார்கள். காவலரண் இல்லாத, ரோந்து இல்லாத ஊரடங்கு, அடிபடுகிறவனை மட்டும் கட்டிப்போடுகிறது. ஆகவே ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: எந்தச் சந்தியில் யார் நிற்கிறார்கள்?

சிறுபான்மை என்றால் யார்? எங்கள் மாவட்டத்தில் நாங்கள்தானே பெரும்பான்மை?

இங்கே இந்தக் கேள்வியைக் கட்டாயம் பேச வேண்டும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் தமிழர்கள், நாலில் ஒரு பங்களவு முஸ்லிம்கள், சிங்களவர் ஒரு வீதத்தைச் சற்றுத் தாண்டுவர். அம்பாறையில் முஸ்லிம்கள் 43 வீதத்தளவு, சிங்களவர் 39 வீதத்தளவு, தமிழர் 17 வீதத்தளவு. ஆனால் கும்பல் மாவட்டப் புள்ளிவிபரம் பார்த்து வருவதில்லை. அம்பாறை நகரில் முஸ்லிம் சிறுபான்மை. காத்தான்குடியில் இன்னொருவர். செங்கலடிப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தால் அங்கே அவர்கள். அந்தத் தெருவில், அந்த இரவில் எண்ணிக்கையில் குறைந்தவர் யாரோ அவரைக் காப்பதுதான் கடமை.

ஒரே சமூகத்துக்குள்ளும் இது உண்டு. காத்தான்குடியில் சூபி வழியைப் பின்பற்றியவர்கள் 2004இலும் 2006இலும் சொந்த ஊராரின் தாக்குதலுக்கு ஆளானார்கள். 2017 மார்ச்சில் அங்கே மறுபடி மோதல் வந்தபோது அதன் மையத்தில் இருந்தவர் ஸஹ்ரான் ஹாஷிம். அவர் தலைமறைவானார். இரண்டு வருடம் கழித்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் தலைவராக, நாடு முழுவதும் அந்தப் பெயரை அறிந்தது. சின்னதொரு பிரிவினர்மீது கைவைக்கப்படும்போது அதை ஊர்ச்சண்டை என்று ஒதுக்கிவிடுவதன் விலையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கிராமங்களில் சிறிய கிறிஸ்தவ ஜெபவீடுகள் மீது கல்லெறியும் சம்பவங்களையும் இதில் சேர்க்க வேண்டும். அங்கே கல்லெறிபவர்கள் பல வேளை எங்கள் தமிழாட்கள்தான். “கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா?” என்று பொலிஸார் போதகரிடம் கேட்பதாகவும் கேள்விப்படுகிறோம். அனுமதி இருக்கிறதா என்பது பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பார்க்க வேண்டிய விடயம். அனுமதி இல்லாத கட்டடத்துக்குள் இருப்பவர்களை அடிக்க எவருக்கும் அனுமதி இல்லை. பொலிஸ் முதலில் கல்லைத் தடுக்க வேண்டும், கடதாசியைப் பிறகு பார்க்கலாம்.

பொலிஸை நம்பாமல் நாங்களே காவலுக்கு நின்றால் என்ன?

ஆபத்து நேரத்தில் உங்கள் உயிரையும் வீட்டையும் காத்துக்கொள்ளும் உரிமை தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லை உண்டு. பொலிஸின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய தீங்கும் செய்யக்கூடாது. பொல்லும் வாளுமாகச் சந்தியில் ஐம்பது பேர் நின்றால், நீங்களே சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடுவீர்கள். பொலிஸுக்கு உங்களைக் கலைக்கும் வேலைதான் முதலில் வரும்.

இதைவிடப் பெரிய காரணம் எங்கள் சொந்த வரலாற்றில் இருக்கிறது. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். பொலிஸ் என்ற ஒன்றே பல ஊர்களில் இல்லாமல் போனது. அந்த வெறுமையில் என்ன வந்தது? ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். அதே மாதம் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல்படையினர் மீதும் அதிரடிப்படை மீதும் அதற்குக் குற்றம் சாட்டப்பட்டது. செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து இராணுவம் கூட்டிச் சென்ற தமிழர்கள் திரும்பவில்லை, அதைத் தொடர்ந்து சத்துருக்கொண்டான். இவை ஆயுதம் தரித்தவர்கள் செய்த படுகொலைகள், தெருக்கும்பலின் வேலை அல்ல. ஆனாலும் எல்லோரையும் ஒரேமாதிரி காக்கவேண்டிய பொலிஸ் இல்லாமல் போய், ஊருக்கு ஊர் துவக்குக் கொடுக்கப்பட்ட காலத்தில் யாரும் பாதுகாப்பாக இருக்கவில்லை என்பதை அந்த நான்கு மாதங்களைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆகவே காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயுதம் இல்லாமல், பொலிஸுக்கு அறிவித்து, கண்ணாக இருங்கள். வெளிச்சம் போடுங்கள். வருகிற வாகனங்களின் இலக்கத்தை எழுதுங்கள். பக்கத்து ஊர்ப் பெரியவர்களின் இலக்கத்தைக் கைபேசியில் முன்பே சேமித்து வையுங்கள். விகாரையின் ஹாமுதுருவும், கோயில் வண்ணக்கரும், பள்ளிவாசல் தலைவரும், பங்குத்தந்தையும் ஒருவரை ஒருவர் அழைத்துப் பேசக்கூடிய நிலை இருந்தால் பாதி வதந்தி அங்கேயே அணைந்துவிடும்.

பதற்றம் தொடங்கும்போது யாருக்கு, எப்படி அறிவிப்பது?

119 அவசர இலக்கம். தமிழில் பேச 107. அதோடு நின்றுவிடாமல் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியை நேரில் பாருங்கள், அவருக்கு மேலே உள்ள உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் சொல்லுங்கள். கிராம சேவகருக்கும் பிரதேச செயலாளருக்கும் அறிவியுங்கள்.

வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுங்கள். இரண்டு வரி போதும்: “இன்று மாலை 6 மணி முதல் இன்ன சந்தியில் ஆட்கள் கூடுகிறார்கள், இன்ன பதிவு பரவுகிறது, எங்கள் வழிபாட்டிடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுகிறோம்.” திகதி, நேரம், கையொப்பம். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்பட எங்கள் பிள்ளைகள் பலியான அதே தாக்குதல். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதால் 12(1), 14(1)(உ) உறுப்புரைகளின் கீழான அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்றது நீதிமன்றம். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தர 7.5 கோடி ரூபாயும் நட்டஈடாகச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. வேறு அதிகாரிகளுக்கும் அப்படியே. அந்த வழக்கின் முதுகெலும்பு, எச்சரிக்கை எப்போது யார் கையில் கிடைத்தது என்பதற்கான எழுத்துச் சான்றுதான். நீங்கள் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கும் இரண்டு வரிக் கடிதமும் அதே வகைச் சான்று. அது மேசைமேல் இருக்கும்போது “எங்களுக்குத் தெரியாது” என்று எந்த அதிகாரியும் பிறகு சொல்ல முடியாது. பெரும்பாலும், அதைப் படித்த கணமே அவர் ஜீப்பை அனுப்புவார்.

என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்கிறார்கள். போடலாமா?

விளங்காத ஒன்றில் கையொப்பம் போடாதீர்கள். தமிழ் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு செய்யவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை உங்களுக்கு வாசித்துக்காட்டி விளக்கிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்றால், நீங்களே தமிழில் எழுதிக்கொண்டு போய் அதை இணைக்கச் சொல்லுங்கள். அம்பாறைக் காசாளரின் தலையாட்டல் என்ன விலை கேட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கில் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் எந்த நேரமும் தமிழ் தெரிந்த ஒருவர் கடமையில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை எங்கள் பிரதிநிதிகள் விடக்கூடாது. எங்கள் பிள்ளைகளையும் பொலிஸில் சேரும்படி ஊக்கப்படுத்த வேண்டும். தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

பொலிஸார் பெரும்பாலும் சிங்களவர். எங்களுக்காகத் தங்கள் ஆட்களை எதிர்த்து நிற்பார்களா?

நிற்காமல் விட்டதும் உண்டு. 2018 மார்ச்சில் அதிரடிப்படையினரே பள்ளிவாசலில் இருந்தவர்களை அடிக்கும் சீசீடீவி காட்சிகளைச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

ஆனால் சீருடைக்குள் இருப்பவரின் இனமும் மதமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2018 மே மாதம் இந்தியாவின் உத்தராகண்டில், ராம்நகர் அருகே ஒரு கோயிலில் முஸ்லிம் இளைஞர் ஒருவர் இந்துத் தோழியோடு இருந்ததைக் கண்டு கும்பல் ஒன்று சூழ்ந்தது. உப பொலிஸ் பரிசோதகர் ககன்தீப் சிங் அந்தப் பையனைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவனுக்கு விழுந்த அடியில் பங்கு இவர்மேலும் விழுந்தது. விடவில்லை. தலைப்பாகை கட்டிய சீக்கியர், நடுவில் ஒரு முஸ்லிம், சுற்றிலும் இந்துக் கும்பல்.

2024 பெப்ரவரியில் லாகூரின் இச்சரா சந்தையில் ஒரு பெண் உடுத்திருந்த ஆடையில் அரபு எழுத்துகள் இருந்தன. குர்ஆன் வசனத்தை உடுப்பில் அச்சிட்டிருக்கிறாள் என்று கூட்டம் திரண்டது. உண்மையில் அதில் இருந்தது ‘ஹல்வா’ என்ற சொல். அழகு என்று பொருள். ஷெஹர்பானோ நக்வி என்ற இளம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் வந்தார். முதலில் கூட்டத்தோடு பேசினார். பிறகு பெண்ணின் தலையையும் உடலையும் துணியால் மூடி, தன் கையால் அணைத்து, கூட்டத்தின் நடுவாலேயே நடத்திக் கொண்டுபோய் வெளியேற்றினார். அவரிடம் பெரிய படை எதுவும் இருக்கவில்லை. நேரத்துக்கு வந்தார், அவ்வளவுதான்.

அதே நாட்டில், 2021 டிசம்பர் 3ஆம் திகதி சியால்கோட்டில், தொழிற்சாலை முகாமையாளராக இருந்த எங்கள் நாட்டவர் பிரியந்த குமாரவை மதநிந்தனை செய்தார் என்று கும்பல் அடித்துக் கொன்று உடலை எரித்தது. மாலிக் அத்னான் என்ற சக ஊழியர் தன் உடலால் மறைத்துக் காப்பாற்றப் பார்த்தார். பொலிஸ் அவரைக் காக்க நேரத்துக்கு வரவில்லை. சில மாதங்களில் நீதிமன்றம் 88 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது, ஆறு பேருக்கு மரணதண்டனை. தண்டனை விரைவாக வந்தது நல்லது. ஆனாலும் இச்சரா சந்தைக்கு ஒருவர் நேரத்துக்கு வந்ததும், சியால்கோட்டுக்கு வராததும்தான் இரண்டு சம்பவங்களுக்கும் உள்ள வித்தியாசம். சம்பவம் சிங்களத்தவருக்கு நேர்ந்ததாகையால் இலங்கை முழுவதும் அழுதது. அம்பாறைக் கடைக்காரருக்காகவும் அதே நெஞ்சோடு அழ முடிய வேண்டும்.

வெறுப்பைத் தூண்டிப் பேசுகிறவர்களைக் கைது செய்ய முடியாதா?

முடியும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைக் குற்றமாக்குகிறது. மேல் நீதிமன்றத்தில் விசாரணை, பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிணையும் மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம்.

இந்தக் கத்தி யார்மேல் பாய்ந்தது என்பதுதான் வேதனை. கும்பலைத் திரட்டியவர்கள் பலர் வெளியில் திரிய, சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளரும், முகநூலில் பதிவிட்ட ஒரு முஸ்லிம் எழுத்தாளரும் இதே சட்டத்தில் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். ஆகவே எங்களுக்குப் பிடிக்காத கருத்தையெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் தள்ளச் சொல்லிப் பொலிஸை நெருக்கக்கூடாது. “நாளை இன்ன இடத்துக்கு வாருங்கள், அவர்களுக்குப் பாடம் படிப்பிப்போம்” என்று எழுதுகிறவரை விடவும் கூடாது. ஆட்களைத் திரட்டுவது வேறு, மனதைப் புண்படுத்துவது வேறு.

2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. பதிவுகளை அந்தத் தளத்துக்கு முறையிடுங்கள். ஆனால் முறையிட முன் இணைப்பு, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள், அழிந்துபோனால் சாட்சி இல்லை.

பொலிஸ் முறைப்பாட்டை எடுக்கவே இல்லை, அல்லது பார்த்துக்கொண்டே நின்றது. என்ன செய்யலாம்?

திகதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு மாதம்தான் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போக உடனே வசதி இல்லாதவர்கள் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. கட்டணம் இல்லை. அவசர இலக்கம் 1996. பலர் இந்த ஒரு மாதத்தைத் துக்கத்திலும் துப்புரவு வேலையிலும் கழித்துவிட்டுப் பிறகுதான் சட்டத்தரணியைத் தேடுகிறார்கள். மனம் வலிக்கிறது.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். குற்றம் செய்தவர்களை உங்களுக்கு அடையாளம் தெரிந்திருந்தும் பொலிஸ் வழக்குப் போடாவிட்டால், சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் நேரடியாகத் தனிப்பட்ட முறைப்பாடு தாக்கல் செய்யக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சாட்சி சொல்லப் பயம் என்றால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சீசீடீவிப் பெட்டியைப் பொலிஸ் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

நன்றாக வேலை செய்த அதிகாரியைப் பற்றி எங்கே சொல்வது?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரு சார்ஜன்ட் இரவு முழுக்கச் சந்தியில் நின்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால், அவருடைய பெயர், இலக்கம், நாள், அவர் செய்த வேலை எல்லாவற்றையும் எழுதிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் பிரதிப் பொலிஸ்மா அதிபருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். கையொப்பத்தில் பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் எல்லாம் சேர்ந்து இருந்தால் இன்னும் நல்லது. கும்பலுக்கு எதிராக நின்றதற்காக இடமாற்றம் வாங்கிவிடுவேனோ என்ற பயம் அவருக்கும் இருக்கும். அந்தக் கடிதம் அவருடைய கோவையில் ஏறட்டும்.